ஆபீஸ் வாசலில் வண்டிகளைக் குறைப்பது எப்படி? மதுரை நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை எட்டே முக்காலுக்குக் கோரிப்பாளையத்தில் நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஏ.வி. பாலம் தாண்டி வருபவர்கள், தல்லாகுளத்திலிருந்து இறங்குபவர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் ஆட்டோக்கள், காலேஜ் பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து முட்டும். அதே இடத்தில் பதினொன்றரைக்கு நின்று பாருங்கள், மூச்சு விட இடம் இருக்கும். நடுவில் சாலை அகலமாகிவிடவில்லை. ஒரே முக்கால் மணி நேரத்துக்குள், ஆளுக்கொரு வண்டியில், எல்லோரும் கிளம்பி வந்த நேரம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான்.

பாலம் கட்டுவதும் சாலையை அகலப்படுத்துவதும் வண்டிகளுக்கு இடத்தைக் கூட்டும் வேலை. அந்த இடத்தை எத்தனை வண்டி, எந்த நேரத்தில் கேட்கிறது என்பதைச் சரிசெய்வது இன்னொரு வேலை. இதைப் பயணத் தேவை மேலாண்மை என்கிறார்கள். புது நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டர் நீளப் பாலத்தை 2023 ஏப்ரலில் திறந்தார்கள். ஊமச்சிகுளம் பக்கத்து ஆட்களுக்கு நேரம் மிச்சம், சந்தோஷம்தான். ஆனால் பாலத்தில் வேகமாக வரும் வண்டியும் கடைசியில் தரைக்கு இறங்கி, உங்கள் ஆபீஸ் வாசலில் நிற்க இடம் தேடித்தான் ஆக வேண்டும். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரையிலான மெட்ரோ ரயில் திட்டத்தை, 2011 கணக்குப்படி மக்கள்தொகை 20 லட்சத்தைத் தொடவில்லை என்று சொல்லி ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. அது வரும்போது வரட்டும். நம் கேட்டுக்குள் செய்ய வேண்டிய வேலை எதற்கும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

உலகத்தில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஊர்கள் உண்டு. சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்துக்குள் காலையில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வைத்தது. லண்டன் 2003-ல் தொடங்கியது. ஸ்டாக்ஹோமில் 2006-ல் ஏழு மாதம் சோதனை செய்தார்கள். கட்டண எல்லையைத் தாண்டும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அப்புறம் ஓட்டெடுப்பு நடத்தி, மக்கள் சம்மதம் வாங்கி நிரந்தரமாக்கினார்கள். நம் நாட்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் 2006-ல் வந்ததுதான். வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதுதான் நோக்கம் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

மதுரைக்கும் இது புதிதில்லை. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. அதனால் அங்கே வியாபாரம் நின்றுவிட்டதா? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் லட்சக்கணக்கான பேர் நகருக்குள் வருகிறார்கள். மூன்றுமாவடியிலிருந்து வைகை வரை நடக்கிறார்கள். வண்டியை எங்கேயோ விட்டுவிட்டு வருவதை அன்றைக்கு யாரும் குறையாகச் சொல்வதில்லை.

சரி, கட்டணம் போடுவதும் வீதியை மூடுவதும் அரசாங்கத்தின் கையில். ஐம்பது பேர் முதல் ஐந்நூறு பேர் வரை வேலை பார்க்கும் ஒரு அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி, ஜவுளிக்கடை என்ன செய்யலாம்? அதற்குத்தான் இந்த வழிகாட்டி. நான் வைகைக்கு வடகரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஆட்களின் வண்டிகள் பக்கத்து வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் அந்த வீட்டுப் பெரியவர் ஒருநாள் தன் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக முடியாமல் கால் மணி நேரம் வெயிலில் நின்றார். அவர் எங்களைத் திட்டவில்லை. "யாரு வண்டின்னு மட்டும் சொல்லுங்க தம்பி, நானே நகத்திக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து இந்த வேலையை நான் சொந்த வேலையாக எடுத்துக்கொண்டேன்.

முதல் படி: எண்ணுங்கள்

எல்லோரும் செய்யும் தவறு வண்டிகளை மட்டும் எண்ணுவது. நீங்கள் ஆட்களை எண்ண வேண்டும். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு நீள நோட்டு கொடுங்கள். பக்கத்தை ஏழு கட்டமாகக் கோடு போடுங்கள்: நடந்து வந்தவர், சைக்கிள், பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தவர், ஷேர் ஆட்டோ, டூ வீலரில் தனியாள், டூ வீலரில் இருவர், கார். காரில் எத்தனை பேர் என்பதைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். வரிசைகள் கால் மணி நேரக் கணக்கில் இறங்கட்டும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே அடிக்க வேண்டும். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் முதல் நாள் கோடு போடுவதா, கேட்டைத் திறப்பதா என்று திணறிப்போனார். இரண்டாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஏழு டீ டம்ளர்களை வரிசையாக வைத்து, ஆள் வர வர ஒரு புளியங்கொட்டை. கால் மணிக்கு ஒருமுறை டம்ளரைக் கவிழ்த்து எண்ணி நோட்டில் எழுதிவிடுவார். இதைவிட நல்ல கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வருபவர் கேட்டுக்கு நடந்துதான் வருவார், அவரை நடந்து வந்தவராகக் குறித்துவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் கேட்டுவிடச் சொல்லுங்கள். கணவரோ அண்ணனோ கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் பெண்கள் நிறைய இருப்பார்கள். அந்த வண்டி பார்க்கிங்கில் நிற்காது, ஆனால் சாலையில் வந்துவிட்டு வெறுமனே திரும்பிப் போகிறது. ஒரு ஆளுக்காக இரண்டு நடை. இதற்கும் ஒரு டம்ளர் வையுங்கள்.

மூன்று நாள் போதும். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. முகூர்த்த நாள் வேண்டாம். சித்திரைத் திருவிழாவை ஒட்டியோ, பள்ளி விடுமுறையிலோ, தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலோ எண்ணினால் கணக்கு உதவாது. பள்ளிகள் திறந்து ஒரு மாதம் ஆன பின் ஜூலை சரியான மாதம். ஜவுளிக்கடையாக இருந்தால் ஆடித் தள்ளுபடிக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஏன் இப்படி வருகிறார்கள் என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் எல்லாம் இருக்கிறது. மற்ற எதையாவது விட்டாலும் இதை விடாதீர்கள். வண்டியில் வருபவர்கள் வண்டி மேல் உள்ள ஆசையில் வருகிறார்கள் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். "சுற்றுச்சூழலைக் காப்போம், பஸ்ஸில் வருவோம்" என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினேன். ஒரு வண்டிகூடக் குறையவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து கேட்டேன். வில்லாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஒரு அக்கா சொன்னார்: "பஸ்ல வர எனக்கு என்ன கசக்கவா செய்யுது தம்பி? டிக்கெட்டும் கிடையாது. ஆனா பிள்ளைக்கு ஸ்கூல்ல காய்ச்சல்னு போன் வந்தா, நான் பெரியார் போய் பஸ் மாறிப் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்." அவருடைய மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது அந்த வருடத்தில் இரண்டே முறை. அந்த இரண்டு நாளுக்காக மற்ற எல்லா நாளும் ஸ்கூட்டி வருகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தாயும் அப்படித்தான் செய்வாள்.

கேள்வித்தாள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்தப் பகுதியிலிருந்து வருகிறீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், வழியில் எங்காவது நிற்கிறீர்களா, மதியம் வெளியே போகிறீர்களா, மாதம் பெட்ரோலுக்கு எவ்வளவு, பஸ்ஸில் வந்தால் எத்தனை வண்டி மாற வேண்டும், இவ்வளவு போதும். கடைசியில் ஒரே ஒரு திறந்த கேள்வி: "நாளைக்கு வண்டி இல்லாமல் வர வேண்டும் என்றால் எது உங்களுக்கு இடைஞ்சல்?" இந்தப் பதிலை அவர்கள் கைப்பட எழுதட்டும். டிக் அடிக்கும் கட்டம் வேண்டாம். எழுதச் சங்கடப்படுபவர்களிடம் நேரில் பேசுங்கள். ஹவுஸ் கீப்பிங், கேன்டீன் ஆட்களை விட்டுவிடாதீர்கள். அவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே பஸ்ஸில்தான் வருகிறார்கள். எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும், எது வராது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பதில்கள் வந்ததும் காரணங்களை நான்கு குவியலாகப் பிரியுங்கள்: நேரம், வழி, பயம், வேறு வேலை. நேரம் என்றால் பஸ் அந்த வேளைக்கு இல்லை. வழி என்றால் நேர் பஸ் இல்லை, ஸ்டாப் தூரம். பயம் என்றால் இரவு, அவசரம், தெருநாய், விளக்கில்லாத தெரு. வேறு வேலை என்றால் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மளிகை வாங்குவது. ஒவ்வொரு குவியலுக்கும் மருந்து வேறு.

மூன்றாம் படி: வரைபடத்தில் வையுங்கள்

பெயர் வேண்டாம், பகுதி மட்டும் போதும். மதுரை வரைபடத்தை ஒரு அட்டையில் ஒட்டி, ஒரு ஆளுக்கு ஒரு குண்டூசி. திருநகர்–திருப்பரங்குன்றம்–பசுமலை ஒரு கொத்தாகத் தெரியும். அவனியாபுரம்–வில்லாபுரம், ஐயர் பங்களா–ஊமச்சிகுளம், ஒத்தக்கடை–மேலூர், நாகமலை புதுக்கோட்டை, சமயநல்லூர்–சோழவந்தான் என்று கொத்துக் கொத்தாக வரும். எந்தக் கொத்திலிருந்து உங்கள் ஸ்டாப்புக்கு நேர் பஸ் இருக்கிறது, எது பெரியாரிலோ மாட்டுத்தாவணியிலோ அண்ணா பஸ் ஸ்டாண்டிலோ மாற வேண்டியது என்று ஓரத்தில் எழுதுங்கள். ரயில் பாதையையும் மறக்க வேண்டாம். திருமங்கலம், திருப்பரங்குன்றம், சோழவந்தான் ஆட்களுக்கு நேரம் ஒத்துவந்தால் சீசன் டிக்கெட் போலச் சல்லிசானது வேறில்லை. தேனிப் பாதை அகலமாகி 2022 மே மாதம் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் ரயில் ஓடத் தொடங்கியதால், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி ஆட்களின் வேலை நேரத்தோடு அந்த ரயிலின் நேரத்தையும் வைத்துப் பாருங்கள்.

நான்காம் படி: எந்தப் பயணமே வேண்டாம்?

ஒரு பயணம் நடக்காமலே வேலை முடிந்தால் அதைவிட மலிவானது கிடையாது. கணக்குப் பிரிவு, கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை கொடுக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாள் கொடுக்காதீர்கள், பிரித்துக் கொடுங்கள். வாடிக்கையாளர்கள் ரசீதுக்காகவும் கையெழுத்துக்காகவும் அலைவதை போனிலேயே முடித்துக் கொடுங்கள். மருத்துவமனை என்றால் புறநோயாளிகளுக்கு மணிக்கணக்கில் டோக்கன் கொடுங்கள். எல்லோரையும் ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு வரை உட்கார வைப்பதுதான் நம் ஊரில் பல இடத்து வழக்கம். நோயாளிக்கும் தொல்லை, தெருவுக்கும் தொல்லை.

மதியப் பயணத்தைத் தனியாகப் பாருங்கள். எண்ணும் நோட்டைப் பகலிலும் திறந்து வைத்தால்தான் அது தெரியும். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பும் வண்டி, டீ குடிக்கக் கிளம்பும் வண்டி, ஜெராக்ஸ் எடுக்கப் போகும் வண்டி. உள்ளே ஒரு நல்ல கேன்டீன், உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்க மின்விசிறியோடு ஓர் அறை, சாப்பாட்டைச் சூடு பண்ண ஒரு அடுப்பு இருந்தால் இவற்றில் பாதி நின்றுவிடும். பஸ்ஸில் வருவதற்கும் இதுவே கதவைத் திறக்கும். மதியம் வண்டி தேவைப்படாதவர்தான் காலையில் வண்டி இல்லாமல் கிளம்புவார்.

ஐந்தாம் படி: நேரத்தை விரியுங்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 180 டூ வீலர் வருகிறது, கேட்டில் நிமிடத்துக்கு 12 வண்டி நுழையலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒன்பது மணியைக் குறிவைத்து வந்தால் வரிசை 15 நிமிடம் தெருவில் நிற்கும். எட்டரை, ஒன்பது, ஒன்பதரை என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் 60 வண்டி, ஐந்தே நிமிடம். ஒரு பைசா செலவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. யாருக்கு எந்த நேரம் என்பதை நிர்வாகம் மேலிருந்து போட்டுக் கொடுக்கக் கூடாது. பிள்ளையைப் பள்ளியில் விடுபவர் ஒன்பதரையைக் கேட்பார், சீக்கிரம் வீடு திரும்ப வேண்டியவர் எட்டரையைக் கேட்பார். பஸ்ஸில் வருபவருக்கு எந்த நேரம் வசதியோ அதை முதலில் கொடுங்கள். பஸ் நேரம் அவர் கையில் இல்லை. வண்டியில் வருபவர் அனுசரித்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: பஸ்ஸைச் சேர்த்துக் கட்டுங்கள்

2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருமங்கலத்திலிருந்து தினமும் டூ வீலரில் வரும் ஒரு பெண்ணுக்கு ஒரு வழிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் 20 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 2,000 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு, ஆக மாதம் 46 கிலோ. விடியல் பயணம் என்ற இந்த இலவசப் பயணம் வந்து இத்தனை வருடம் ஆகியும் அவர் வண்டியில்தான் வருகிறார் என்றால், பிரச்சினை காசு இல்லை என்று அர்த்தம். நேரமும் ஸ்டாப்பிலிருந்து வரும் தூரமும் இருட்டும்தான் பிரச்சினை. நிறுவனம் அதில் கை வைக்க வேண்டும்.

முதலில் உங்கள் ஸ்டாப்பில் ஒரு வாரம் பஸ் நேரத்தைக் குறித்து வையுங்கள். அட்டவணையில் இருப்பது வேறு, வருவது வேறு. வந்ததைக் குறியுங்கள். காலை ஏழரை முதல் பத்து வரை, மாலை நாலரை முதல் எட்டரை வரை. அதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, வருகைப் பதிவேடு இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள். வேலை விடும் நேரம் பஸ் போன மூன்றாவது நிமிடமாக இருந்தால், பஸ்ஸை மாற்றச் சொல்வதைவிட உங்கள் மணியைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளுவது சுலபம். இதைச் செய்ய யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டாம்.

அதையும் மீறி பஸ் இல்லை என்றால், அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தனியாளாக எழுதாதீர்கள். பக்கத்துக் கல்லூரி, பக்கத்துக் கடைகள், மருத்துவமனை எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "பஸ் வசதி செய்து தர வேண்டுகிறோம்" என்று பொதுவாக எழுதும் மனு எங்கேயும் போய்ச் சேராது. எந்த ஸ்டாப்பிலிருந்து, எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எத்தனை நாள் என்று எழுதுங்கள். இரண்டாம் படியில் எடுத்த கணக்கு இங்கே உதவும். புது பஸ் கேட்பதைவிட, ஓடுகிற பஸ்ஸின் நேரத்தைக் கால் மணி நேரம் மாற்றவோ, ஒரு நடையை உங்கள் வழியாகத் திருப்பவோ கேட்பது நடக்கக்கூடிய காரியம். அதே மனுவின் நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிவு எண்ணைப் பத்திரமாக வைத்து அடுத்தடுத்து விசாரியுங்கள்.

ஸ்டாப்பிலிருந்து உங்கள் கேட் வரை ஒருமுறை இரவு எட்டு மணிக்கு நடந்து பாருங்கள். கூட ஒரு பெண் ஊழியர் வரட்டும். எங்கே விளக்கு இல்லை, எங்கே சாக்கடை மூடி உடைந்திருக்கிறது, எங்கே நாய்கள், எங்கே மதுக்கடைக் கூட்டம் என்று அவர் சொல்லச் சொல்லக் குறியுங்கள். உங்கள் சுற்றுச்சுவரில் வெளிப்பக்கம் பார்த்து நான்கு விளக்கு போட மாநகராட்சி வர வேண்டியதில்லை. மற்றவற்றை வார்டு கவுன்சிலரிடம் கொண்டுபோங்கள்.

ஏழாம் படி: ஒரே வண்டியில் இருவர்

மதுரையில் கார் பகிர்வைவிட டூ வீலர் பகிர்வுதான் பலன் தரும், வருபவை பெரும்பாலும் டூ வீலர்கள். குண்டூசி அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அறிமுகம் செய்து வையுங்கள். ஜோடியை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். பெண்கள் பெண்களோடு சேர்ந்துகொள்ளட்டும். அது அவர்களே முடிவு செய்ய வேண்டியது.

காசு கைமாற வேண்டாம் என்பது என் கருத்து. வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பெட்ரோல் காசைப் பற்றிய மனத்தாங்கல் நட்பையும் கெடுக்கும். இந்த வாரம் உங்கள் வண்டி, அடுத்த வாரம் என் வண்டி என்று மாற்றி மாற்றி எடுத்தால் கணக்கு நேராகிவிடும். பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும், அது சட்டம். பகல் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால் பூட்டுப் போட்ட ஒரு ஹெல்மெட் அலமாரி வாங்கிக் கொடுங்கள். சின்ன விஷயம் போலத் தெரியும். எங்களிடம் பல ஜோடிகள் அந்த அலமாரி வந்த பிறகுதான் அமைந்தன.

எட்டாம் படி: சைக்கிளும் நடையும்

மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்களிடம் மட்டும் இதைப் பேசுங்கள். சித்திரை வெயிலில் பத்து கிலோமீட்டர் மிதிக்கச் சொல்வது நியாயமில்லை. நிழலில், கேட்டுக்குப் பக்கத்தில், வாட்ச்மேன் கண் பார்வையில் சைக்கிள் நிறுத்த இடம் கொடுங்கள். முகம் கழுவிச் சட்டை மாற்ற ஒரு அறை, காற்றடிக்கும் பம்ப். அவ்வளவுதான் வேண்டும்.

ஒன்பதாம் படி: அவசரத்துக்கு வண்டி உண்டு என்ற உறுதி

வில்லாபுரத்து அக்காவிடம் திரும்பி வருவோம். அவருக்கு வேண்டியது தினமும் ஒரு வண்டி இல்லை. அந்த இரண்டு நாளுக்கு ஒரு வண்டி. அதை நிறுவனம் கொடுத்துவிட்டால் மற்ற நாட்களில் அவர் பஸ்ஸில் வருவார்.

செய்ய வேண்டியது இதுதான். பஸ்ஸிலோ, சைக்கிளிலோ, இன்னொருவர் வண்டியிலோ வருபவருக்கு வீட்டில் அவசரம் என்றாலோ, நிர்வாகம் கேட்டுக்கொண்டு இரவு நேரமாகி கடைசி பஸ்ஸைத் தவறவிட்டாலோ, நிறுவனம் தன் செலவில் ஆட்டோ வைத்து அனுப்பும். ஒருவருக்கு வருடத்துக்கு ஆறு முறை வரை என்று வரம்பு வைக்கலாம். முன் அனுமதி கேட்கக் கூடாது. "என் பிள்ளைக்கு உண்மையிலேயே காய்ச்சல்" என்று ஒரு தாய் மேலதிகாரியிடம் நிரூபித்துக்கொண்டு நிற்கும்படி வைத்தால் இந்தத் திட்டம் அன்றே செத்துவிடும். வாட்ச்மேன் அண்ணனிடம் பக்கத்து ஸ்டாண்டில் உள்ள நம்பிக்கையான மூன்று ஆட்டோக்காரர்களின் நம்பரும், பணமும், கையெழுத்து நோட்டும் இருக்கட்டும். கேட்டவுடன் வண்டி வர வேண்டும்.

செலவு எகிறிவிடும் என்று நிர்வாகம் பயப்படும். எகிறாது. இப்படிச் செய்யும் இடங்களில் பொதுவாக இதைப் பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் பேர்தான். வண்டி வரும் என்ற தைரியமே மக்களுக்குப் போதும். இருக்கும் பணத்தில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பத்தாம் படி: பார்க்கிங்

இதை வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்திருக்கிறேன். பஸ்ஸுக்கும் அவசரத்துக்கும் வழி செய்யாமல் பார்க்கிங்கில் கை வைத்தால், அது தண்டனையாகத்தான் தெரியும். வண்டிகள் பக்கத்துத் தெருவில் போய் நிற்கும். அந்தப் பெரியவர் மறுபடி வெயிலில் நிற்பார்.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் வேண்டும், பன்னிரண்டரை சதுர மீட்டர். ஒரு டூ வீலருக்கு இரண்டு சதுர மீட்டர் போதும். ஒருவர் மட்டும் வரும் கார், ஆறு பேரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பல இடங்களில் அந்தக் கார்கள்தான் நிழலில், வாசலுக்கு நேராக நிற்கும். அவை மேலதிகாரிகளுடையவை. முதல் மாற்றம் அங்கேயே தொடங்க வேண்டும். வாசல் பக்கத்து நிழல் இடம் சைக்கிளுக்கும், இருவராக வரும் வண்டிக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இரவு ஷிப்ட் பெண்களுக்கும் போகட்டும். முதலாளியின் கார் பின்னால் நிற்பதை ஊழியர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால், நீங்கள் சொல்லும் மற்றதெல்லாம் காதில் ஏறும்.

அடுத்தது விலை. பக்கத்தில் ஒரு காலி மனையை மாதம் 30,000 ரூபாய்க்குப் பிடித்து 100 வண்டி நிறுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டிக்கு மாதம் 300 ரூபாய் நிறுவனம் செலவழிக்கிறது. வண்டியில் வருபவருக்கு அந்த 300 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் போய்ச் சேருகிறது, பஸ்ஸில் வருபவருக்கு ஒன்றும் இல்லை. வண்டி கொண்டுவராதவருக்கு அதே 300 ரூபாயைச் சம்பளத்தோடு கொடுங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1992-லேயே சில வகை நிறுவனங்களுக்கு இதைச் சட்டமாக்கியது. யாரிடமும் கட்டணம் வாங்காமல், யார் மனதையும் நோகடிக்காமல் செய்யக்கூடியது இது. போதுமான பேர் மாறினால் அடுத்த வருடம் அந்த மனையே தேவைப்படாது.

பதினொன்றாம் படி: மறுகணக்கு

மூன்று மாதம் கழித்து அதே மூன்று கிழமைகளில், அதே நேரத்தில், அதே கட்டங்களில் எண்ணுங்கள். ஜூலையில் தொடங்கியிருந்தால் மறுகணக்கு தீபாவளி நெரிசலில் மாட்டாதபடி ஒன்றிரண்டு வாரம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்த நாளை விட்டுவிடுங்கள். மழையில் எல்லோரும் பஸ்ஸைத் தேடுவார்கள், கணக்கு பொய்யாக நல்லதாகத் தெரியும்.

வண்டி எத்தனை குறைந்தது என்பதோடு, வந்த ஆட்களை வந்த வண்டிகளால் வகுத்தும் பாருங்கள். நூறு பேர் எண்பது வண்டியில் வந்த இடத்தில் நூறு பேர் அறுபது வண்டியில் வந்தால் வேலை நடந்திருக்கிறது. ஆளே குறைந்து வண்டியும் குறைந்திருந்தால் நடக்கவில்லை. ஆட்டோ நோட்டையும் புரட்டுங்கள். ஒருவர்கூட அதைப் பயன்படுத்தவில்லை என்றால், அப்படி ஒரு வசதி இருப்பது பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கேன்டீன் அக்காவிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

கணக்கை அதே வருகைப் பதிவேட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு பிரதியைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தப் பெரியவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். வாசித்துவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் நாள், அன்றைக்கு மட்டும் காலை ஏழு மணிக்கு கேட்டில் ஒரு ஆளை நிற்க வைக்க முடியுமா என்று கேட்டார். இப்போது அந்த இரண்டு நாளும் வாட்ச்மேன் அண்ணன் ஏழு மணிக்கே அங்கே நிற்கிறார்.